அண்டர்ஸ்கோர் அண்ணை பெயர் பிரித்த கதை

கொழும்பு மாநகரத்தில் ஒழுங்காகப் பெயர் வைக்கப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான்: அண்டர்ஸ்கோர் அண்ணையின் சாப்பாட்டுப் பெட்டி. மூடியில் வெள்ளைத் தாள் ஒட்டி, அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்தில் ‘மதியம்_வெள்ளி_சைவம்_01’ என்று எழுதியிருக்கும். 01 இருக்கிறதே, 02 எங்கே என்று, வேலைக்குப் புதிதாக வந்த நான் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுத் தேடியிருக்கிறேன்.

“ரெண்டாவது பெட்டி இல்லை, பிள்ளை” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்ப ஏன் அண்ணே 01?”

“நாளைக்கு ஒண்டு வந்தால் அதுக்கு இடம் வேணுமெல்லே?”

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் அந்தச் சின்னக் கோட்டுக்குத்தான் அண்டர்ஸ்கோர் என்று பெயர். கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு நூல். இரண்டு மூன்று சொற்களைக் கோத்து ஒரே பெயராக்கிவிடும். எங்கள் அண்ணைக்கு அது மதம். சொற்களுக்கு நடுவே வெறும் இடைவெளி விடுகிறவர்களை அவர் செருப்போடு கோயிலுக்குள் வந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார். “இடைவெளி எண்டது கொம்பியூட்டருக்குப் பள்ளம். விழுந்து காலை முறிக்கும்” என்பார்.

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், திரைச்சீலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். யாராவது எங்காவது ஆய்வு செய்து, படிவம் படிவமாக நிரப்பிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை அட்டவணைகளாக்கி, கணக்குப் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. நான் புள்ளிவிவரவியல் படித்துவிட்டு, உலகத்திலுள்ள எல்லா அட்டவணைகளையும் ஒரே மாதத்தில் திருத்திவிடும் அவசரத்தோடு வந்தவள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் வேரூன்றியவர். நாற்பதுகளின் நடுவில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

அந்தக் கோடு அவர் பேச்சுக்குள்ளும் இறங்கியிருந்தது. மாலையில் மனைவிக்குப் போன் எடுத்து மீன் சொல்வார். “ஓம், மீன் அண்டர்ஸ்கோர் பாரை. இல்லாட்டி மீன் அண்டர்ஸ்கோர் விளை. இறால் வேண்டாம், அது வேறை டேபிள்.” அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எங்கள் மேசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது: “விசர் அண்டர்ஸ்கோர் மனுசன்!”

பைத்தியம் என்று திட்டியதற்கு அவர் சந்தோசப்பட்டார். “பாத்தியா, அவவும் பழகிட்டா.”

அலுவலக ஃப்ரிட்ஜில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒவ்வொரு பொருளின் மேலும் வேளை, கிழமை, உணவு என்று மூன்று விவரம் இருக்கவேண்டும். ஒட்டாதது எதுவும் இல்லாததாகக் கருதப்படும். எங்கள் டிரெக்டர் ஒருநாள் மதியத்துக்கென்று சட்டித் தயிர் வாங்கி, இனிப்புப் பாணியும் ஊற்றி, பெயர் ஒட்டாமல் உள்ளே வைத்துவிட்டார். மதியம் திறந்தால் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.

“ஆர் என்ரை தயிரைச் சாப்பிட்டது?”

“தயிர் எண்டு ஒண்டு பதிவிலையே இல்லை, சேர்” என்றார் அண்டர்ஸ்கோர் அண்ணை, வாயைத் துடைத்துக்கொண்டு.

பஸ்ஸையும் அவர் விட்டுவைக்கவில்லை. நூறு, நூற்றொன்று, நூற்றிரண்டு என்று காலி வீதியில் ஓடும் பஸ்களைப் பார்த்து, ‘ஒன்றில் தொடங்கும் மூன்று இலக்கம் எல்லாம் வெள்ளவத்தைக்குப் போகும்’ என்று ஒரு விதி செய்து வைத்திருந்தார். வருடக்கணக்காக அந்த விதி அவரைப் பத்திரமாக வீட்டில் இறக்கியது. ஒரு மழை நாளில் புறக்கோட்டையில் அவசரமாக ஏறியது 138. கண் அயர்ந்தவர் விழித்தபோது கடலையும் காணோம், வெள்ளவத்தையையும் காணோம், மகரகமை வந்திருந்தது. மறுநாள் அதை எங்களுக்குச் சொல்லும்போதுகூட விதியை விட்டுக்கொடுக்கவில்லை. “விதி சரி. பஸ்தான் பிழை.”

சிரிப்பை ஒரு பக்கம் வையுங்கள். அட்டவணையின் முன்னால் அவர் உட்கார்ந்தால் பார்க்கவேண்டும்.

நான் முதன்முதலாக அதைப் பார்த்தது கண் முகாம் வேலையில். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளுக்குக் கண் சோதித்து, தேவையானவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் திட்டம் அது. தொண்டர்கள் பல முகாம்களில் சோதித்த முடிவுகளை ஒரே அட்டவணையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. அந்த வரி வலப்பக்கமாக நீண்டு, திரையைத் தாண்டி, அநேகமாக ராஜகிரிய வரைக்கும் போயிருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் தலைக்கும் ஒவ்வொரு தொண்டர் ஒவ்வொரு விதமாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் ‘இடது கண்’ என்றார். ஒருவர் ‘இடக்.கண் 2’. ஒருவர் வெறுமனே ‘கண்’.

“கண்!” என்று அண்டர்ஸ்கோர் அண்ணை கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். “எந்தக் கண்? நெத்திக் கண்ணோ?”

அன்று காலை முழுக்கத் தலைப்புகளைத்தான் திருத்தினார். நான் பொறுமையில்லாமல் காலாட்டிக்கொண்டிருந்தேன். கணக்கைத் தொடங்காமல் இந்த மனுசன் பெயர் சூட்டு விழா நடத்துகிறாரே என்றிருந்தது. கடைசியில் எல்லாத் தலைப்புகளும் ஒரே அச்சுக்கு வந்தன: ‘இடது_தூரம்_முகாம்01’, ‘வலது_கிட்ட_முகாம்02’. எந்தக் கண், எந்தச் சோதனை, எந்த முகாம்.

“இப்ப பார், பிள்ளை. தலைப்புக்குள்ளேயே மூண்டு விசயம் இருக்கு. கோட்டிலை வெட்டினால் மூண்டும் தனித்தனியாய்க் கழண்டு வரும்.”

ஒரே ஒரு வரிக் கட்டளை. விசையை அழுத்தினார். கொடி முழுக்கக் காயப்போட்டிருந்த உடுப்புகள் தாங்களாகவே மடிந்து, அவரவர் தட்டில் போய் அமர்ந்தது போல, அந்த அகலமான அட்டவணை பிரிந்து, கூடி, ஒடுங்கி, வாசிக்கக்கூடிய ஒன்றாக நின்றது. இடக்கண் ஒரு பக்கம், வலக்கண் ஒரு பக்கம். எந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிரிக்காதீர்கள், இந்த வேலையில் எங்களுக்குக் கிடைக்கும் நாடகம், சங்கீதம், வாணவேடிக்கை எல்லாம் இவ்வளவுதான்.

அந்த அட்டவணையில் நான் முதலில் தேடியது டிலானியை. கொட்டாஞ்சேனை முகாமில் உதவிக்கு நின்றபோது பார்த்த பிள்ளை. நான் கொட்டாஞ்சேனைக்காரி, அவள் எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை. வகுப்பில் முதல் வாங்கில் இருத்தியும் கரும்பலகை தெரியாமல், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தவள். கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள் என்று அடியும் வாங்கியவள். இரண்டு கண்ணுக்கும் ‘தேவை’ என்று விழுந்திருந்தது. கண்ணாடிக்கு அளவெடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு டொக்டர் ஒரே ஒரு சனிக்கிழமை வருவார், அன்றிரவே அவருக்கு விமானம். அன்றைக்கு வருகிற பிள்ளைக்குக் கண்ணாடி. வராத பிள்ளைக்கு, அடுத்த டொக்டர் எப்போது வருவாரோ, அப்போது.

ஆகவே எல்லாப் பெற்றோருக்கும் போனில் மெசேஜ் போகவேண்டும். டிரெக்டர் சொன்னார்: “தமிழ் ஆக்களுக்குத் தமிழிலை, சிங்கள ஆக்களுக்குச் சிங்களத்திலை. மரியாதையாய் இருக்கவேணும்.”

நல்ல எண்ணம்தான். ஆனால் யார் எந்த மொழி என்று படிவத்தில் கேட்க மறந்துவிட்டார்கள். பெயர் இருந்தது, போன் நம்பர் இருந்தது, மொழி இல்லை. எல்லோரும் தலையைச் சொறிந்தோம். அண்டர்ஸ்கோர் அண்ணை சொறியவில்லை.

“பேர் இருக்கே” என்றார். “பேரும் ஒரு லேபல்தானே. வால் பக்கத்தைப் பாத்துப் பிரிச்சால் சரி.”

அவர் செய்த விதி இப்படி: ‘நாதன்’, ‘லிங்கம்’, ‘ராசா’ என்று முடிந்தால் தமிழ். ‘ரத்ன’, ‘வர்தன’, ‘டோ’, ‘ரேரா’ என்று முடிந்தால் சிங்களம். முஸ்லிம் பெயர்களுக்குத் தனி வரி. ‘சிங்கம்’ என்றால் தமிழ், ‘சிங்க’ என்றால் சிங்களம். கடைசி எழுத்து ஒன்று இருந்தால் ஒரு பாசை, இல்லாவிட்டால் இன்னொரு பாசை என்று அவர் விளக்கியபோது டிரெக்டர் கைதட்டினார். வெள்ளவத்தைப் பட்டியலில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிழை இல்லை. கொட்டாஞ்சேனைப் பட்டியலையும் அதே கையோடு ஓட்டி, மெசேஜ்களை அனுப்பினோம். கொட்டாஞ்சேனைக்காரி நானும் பக்கத்தில்தான் இருந்தேன். விதியின் அழகில் வாய் பிளந்து நின்றேன்.

சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மண்டபம். எட்டு மணிக்கே வெள்ளவத்தைச் சனம் பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றது. தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், பிள்ளை, பிள்ளையின் ரியூசன் கொப்பி, ஒன்றையும் மறக்கவில்லை. பதினொரு மணிக்கு அந்த வரிசை முடிந்தது. அதன் பிறகு மண்டபம் காலி. டொக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். கூப்பிடு தூரத்தில் இருக்கும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் வந்திருந்தார்கள். டிலானி வரவில்லை.

“பாத்தியளே” என்றார் டிரெக்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. “ஊரைக் கடந்து வெள்ளவத்தைச் சனம் வந்திருக்கு. வாசல்லை இருக்கிற சனம் வரேல்லை. அக்கறையில்லை. அவ்வளவுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே, மீன்காரனோடு டிலானியின் அம்மா ஷீலா அன்ரி சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மீனின் கண் சிவந்திருக்கிறது என்பது வழக்கு. அன்ரி வென்று, பையை வாங்கிக்கொண்டு திரும்பும்வரை காத்திருந்தேன்.

“அன்ரி, டிலானிய ஏன் கூட்டிட்டு வரல்ல?”

“எங்க புள்ள?”

“கண் செக்கப்புக்கு. இண்டைக்குத்தானே! மெசேஜ் வந்திச்சுதானே?”

“ஒண்டும் வரல்லயே. சிம் கொம்பனிக்காரன்தான் சும்மா சும்மா சிங்களத்துல அனுப்பிட்டிருக்கான். வர வர அழிச்சிர்ரன்.”

போனை வாங்கிப் பார்த்தேன். அழிக்காமல் விட்ட ஒன்று கிடந்தது. தூய சிங்களத்தில், மிகுந்த மரியாதையோடு, ‘உங்கள் பிள்ளையின் கண்ணுக்காகச் சனிக்கிழமை அன்புடன் அழைக்கிறோம்’ என்று எங்கள் அலுவலகம் சொல்லியிருந்தது.

“அன்ரி, உங்களுக்குச் சிங்களம் நல்லா வருமே?”

“கதைக்கத் தெரியும். சண்டை பிடிக்கத் தெரியும். வாசிக்கத் தெரியாது.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஏன், எங்கள சிங்கள ஆக்கள் எண்டு ஆர் சொன்ன? பெர்னாண்டோ எண்டதாலயா? எங்க வீட்ல செபமாலை சொல்றதே தமிழ்லதான்!”

அன்ரி மகளைக் கூட்டிவர வீட்டுக்குப் போனார். நான் மண்டபத்துக்கு ஓடினேன்.

அண்டர்ஸ்கோர் அண்ணை மேசையில் மடிக்கணினியோடு இருந்தார். வராதவர்களின் பெயர்களுக்கு எதிரே ‘வரவில்லை’ என்று அழகாக நிரப்பிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“பெர்னாண்டோ சிங்களப் பேர்தானே, பிள்ளை?”

“கொழும்புத் துறைமுகப் பக்கம் வந்து கேளுங்க. பாதிப் பேர் பெர்னாண்டோ, மிச்சப் பேர் பெரேரா. எல்லாரும் மாதா கோயில்ல தமிழ்லதான் பாடுறாங்க. அண்ணே, எனக்கு என்ன பேர்?”

யோசித்தார். ஒரு வருடமாக ஃப்ரிட்ஜில் என்னுடைய பெட்டியில் ஆளுக்கென்று தனியாக அவர் ஒட்டியது ‘உதவியாளர்_02’.

“என்ட முழுப்பேரைப் போடுங்க. போட்டு உங்கட விதிய ஓட்டுங்க.”

நான் சொல்லச் சொல்லத் தட்டினார். கடைசிச் சொல் பெரேரா. விசையை அழுத்தினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சிங்களம் எண்டு வருது” என்றார் மெல்ல.

“அப்ப ஒரு வருசமா உங்களோட நான் என்ன பாசையில கதைச்சிட்டிருக்கன்?”

டிரெக்டர் சிரித்தார். நான் சிரிக்கத் தயாரானேன். அண்டர்ஸ்கோர் அண்ணை சிரிக்கவில்லை. மடிக்கணினியை மூடினார். திறந்த கணினியை அவர் இப்படிச் சட்டென்று மூடி நான் பார்த்ததில்லை.

“நான் கொழும்புக்கு வந்த புதுசிலை,” என்றார், என்னைப் பாராமல், “வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜ். சண்டைக் காலம், ஆமிக்காரர் பஸ்ஸை மறிப்பாங்கள். அடையாள அட்டையை நீட்டவேணும். பேரின்ரை வாலைப் பாப்பாங்கள். வால் ஒரு மாதிரி எண்டால் பஸ்ஸுக்குள்ளை. வேறை மாதிரி எண்டால் இறங்கி மற்றப் பக்கம். ஒருத்தனும் என்னட்டை நீ ஆர் எண்டு கேக்கேல்லை. நான் அந்த மற்றப் பக்கத்திலை நிண்டனான், பிள்ளை. எத்தினையோ தரம் நிண்டனான்.” மடிக்கணினியை அப்பால் தள்ளினார். “நிண்டிட்டு, அதே விதியை நானே எழுதியிருக்கிறன். கைதட்டும் வாங்கியிருக்கிறன்.”

சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

“டொக்டர் எத்தினை மணிக்கு வெளிக்கிடுறார்?”

“அஞ்சு மணிக்கு” என்றார் டிரெக்டர். “ஆனால் அண்ணை, திரும்ப மெசேஜ் அனுப்பினால்...”

“அனுப்புங்கோ, சேர். ஆனால் சிம் கொம்பனி எண்டு நினைச்சு அழிப்பினம். நாங்கள் நடப்பம்.”

இப்படியாக, வாழ்நாள் முழுக்க வரிசையாக அடுக்கிய உலகத்தில் வாழ்ந்த மனிதர் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்குள் இறங்கினார். அங்கே வீட்டு இலக்கம் என்பது கடவுளுக்கும் தபால்காரருக்கும் இடையிலான இரகசியம். நாற்பத்தாறின் கீழ் ஏழுக்குப் பக்கத்து வீடு நூற்றுப்பன்னிரண்டு. அதற்கு எதிரே மறுபடியும் நாற்பத்தாறு.

“உது என்ன உது?” என்று ஒரு கதவின் முன் நின்று அலறினார். “இதுக்கு ஆர் இலக்கம் போட்டது?”

“சத்தம் போடாதீங்கண்ணே. தண்ணிக் கனெக்சன் வெட்ட வந்திருக்காங்க எண்டு கதவ மூடிருவாங்க.”

மூடினார்கள். நிறப்பேனாவும் பட்டியலும் கையுமாக ஒரு மனிதர் வீட்டு இலக்கத்தை முறைத்துப் பார்த்தால் கொழும்பில் எவரும் கதவைத் திறக்கமாட்டார்கள். ஐந்து வீட்டைத் தட்டினால் திறந்தது ஒன்று. நேரம் ஓடி மூன்று மணி தாண்டியிருந்தது.

அப்போதுதான் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி நிறையப் பேக்கரிப் பாணும் பணிஸும் அடுக்கி, ஒலிபெருக்கியில் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு, பின்நேரம் ஒழுங்கை ஒழுங்கையாக வரும் ஓட்டோ. அந்தப் பாட்டுக்கு மட்டும் கதவைத் திறக்காத வீடு கிடையாது. நான் நடுவீதியில் குறுக்கே நின்றேன். “மல்லி, பொட்டக் நவத்தன்ன!” தம்பி, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சிங்களத்தில் கத்தினேன்.

பாண்காரத் தம்பி பதறி நிறுத்தினான். எங்களுடைய கதையைச் சிங்களத்தில் கேட்டான். தலையைச் சொறிந்தான். பிறகு மைக்கை எடுத்து அண்ணையிடம் நீட்டினான்.

அண்டர்ஸ்கோர் அண்ணை ஓட்டோவுக்குள் ஏறினார். தொண்டையைச் செருமினார். கொட்டாஞ்சேனை அதிர்ந்தது.

“அன்பான பெற்றோர்களே! கண் அண்டர்ஸ்கோர் முகாமிலை சோதிச்ச பிள்ளையள்...”

“கோட்ட விடுங்கண்ணே!”

“...கண் முகாமிலை சோதிச்ச பிள்ளையள் எல்லாரும் உடனே மண்டபத்துக்கு வாங்கோ! கண்ணாடி அளவெடுக்கிற டொக்டர் அஞ்சு மணிக்குப் போயிடுவார்!”

தமிழில் சொன்னார். அதே மூச்சில் சிங்களத்திலும் சொன்னார். அவருடைய சிங்களத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் நடந்து வந்தது, ஆனாலும் விளங்கியது. பிறகு பட்டியலிலிருந்த பிள்ளைகளின் பெயர்களை வாசித்தார். முதற்பெயர்கள் மட்டும். நிலூஷா, கெவின், பாத்திமா, சஜித், மேரி ஷாலினி. வாலைத் தொடவேயில்லை.

கதவுகள் திறந்தன. மீன் பணிஸுக்கு என்று ஓடிவந்த பிள்ளைகள் கண்ணுக்கு அகப்பட்டார்கள். தாய்மார் நைட்டியின் மேல் துவாயைப் போட்டபடி வந்தார்கள். ஒரு மாடிவீட்டு ஜன்னலிலிருந்து ஒருவர், “எங்கட மகன் பட்டியல்ல இருக்கானா?” என்று கத்த, அண்ணை மைக்கிலேயே, “பேரென்ன?” என்று கேட்டார். பெயரைச் சொன்னார்கள். “இருக்கு, இருக்கு, கெதியா வாங்கோ!” என்று முழு ஒழுங்கைக்கும் நற்செய்தி அறிவித்தார். பாண் ஓட்டோ முன்னால், பிள்ளைகள் பின்னால், பாட்டு இடையில் என்று ஊர்வலம் மண்டபத்தை அடைந்தபோது இனி யாரும் வரமாட்டார்கள் என்று டொக்டர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். சனத்தைப் பார்த்து மறுபடியும் திறந்தார். டிலானி ஏற்கெனவே வந்து, அளவு கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று முடிக்க ஆசைதான். வரவில்லை. சிலருடைய வீட்டில் ஆள் இல்லை. நீர்கொழும்புக்குப் போயிருந்த ஒரு குடும்பம் ஞாயிறு இரவுதான் திரும்பியது. அவர்களுடைய பெயர்களை அண்ணை தனியாக எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். அடுத்த டொக்டர் எப்போது வருவார் என்று டிரெக்டரைக் கேட்டுக் கேட்டு, அந்த மனிதர் அண்ணையைக் கண்டால் வேறு வழியாகப் போகும் நிலைக்குக் கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் டிரெக்டர்தான் கேட்டார்: “ஏன், எல்லாருக்கும் ரெண்டு பாசையிலையும் அனுப்பியிருந்தால் என்ன?”

அவ்வளவு எளிதான யோசனை அந்த மாடியில் ஒருவருக்கும் வந்திருக்கவில்லை. பிரிக்கத் தெரிந்தவர்களுக்குப் பிரிக்காமல் விடலாம் என்பது கடைசியாகத்தான் தோன்றும் போலிருக்கிறது. எனக்கும் இன்று வரைக்கும் ஓர் அட்டவணையைக் கண்டால் எதைக் கொண்டு வெட்டலாம் என்றுதான் கை துடிக்கிறது. கண்களை இடது, வலது என்று பிரித்தபோது ஒரு தவறும் நேரவில்லை. இடக்கண் எப்போதும் இடக்கண்தான். மனிதர்களின் பெயர் அப்படி நிலையாக நிற்பதில்லை. அதன் வாலில் யாரோ ஒரு பாட்டனின் ஞானஸ்நானம் இருக்கும், ஒரு கலியாணம் இருக்கும், பாடசாலைக் கிளார்க் ஒருவரின் அவசரமும் இருக்கும். அதைப் பார்த்து வீட்டுக்குள் என்ன பாசை என்று நாங்கள் சொல்லப் புறப்பட்டோம்.

அந்த விதியை அண்ணை அழித்துவிட்டார். அடுத்த படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தார்: ‘உங்களுக்கு எந்த மொழியில் எழுதினால் வாசிப்பீர்கள்?’ பதில் எழுத நீளமாக ஒரு கோடு விட்டிருந்தார். கட்டங்கள் போட்டுத் தெரிவு கொடுத்தால் பிரிக்க இலகுவாக இருக்குமே என்று நான் சொன்னேன்.

“அவை என்ன எழுதுகினமோ எழுதட்டும்” என்றார். “கஷ்டப்படுறது நான்தானே.”

கண்ணாடிகள் சில வாரங்களுக்குப் பிறகு வந்தன. அதே மண்டபத்தில் கொடுத்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெட்டியைத் திறந்து, துணியால் துடைத்து, காதில் மாட்டிவிடும் வேலையை அண்டர்ஸ்கோர் அண்ணை யாருக்கும் விடவில்லை. டிலானியின் முறை வந்தது. மாட்டினாள். முதலில் கையைப் பார்த்தாள். பிறகு ஷீலா அன்ரியைப் பார்த்தாள். அன்ரி அழ ஆரம்பித்திருந்ததால் அதிகம் பார்க்கவில்லை. பிறகு தன் முன்னால் குந்தியிருந்த மனிதரை, மேலிருந்து கீழாக, நிதானமாகப் பார்த்தாள். அவர் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

“அங்கிள்,” என்றாள், “உங்கட ஷேர்ட்ல பட்டன் மாத்திப் போட்டிருக்கு.”

குனிந்து பார்த்தார். உண்மைதான். மேலிருந்து ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை தள்ளி, கழுத்தடியில் ஒரு பக்கம் உயர்ந்து, கீழே ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அலுவலகத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

உலகத்தில் ஓர் எழுத்து இடம் மாறினாலும் தூக்கம் வராத அந்த மனிதர் அதைத் திருத்தவில்லை. மண்டபத்தைக் கூட்டிப் பூட்டும்வரை திருத்தவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், அந்தக் கோணல் காலரோடு, ஜன்னலால் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கொள்ளுப்பிட்டி வரைக்கும் வந்தார்.